கடியாபட்டி சுற்றுவட்டாரச் சுற்றுலா இடங்கள்

கடியாபட்டி, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் வட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். நகரத்தார் ஊர்களுள் ஒன்றான இராமச்சந்திரபுரம் என்ற பெயராலும் இவ்வூர் அறியப்படுகின்றது. இங்குள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளுள் ஒன்றான சிதம்பர விலாசம் பாரம்பரிய விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட பின்னர், புதுக்கோட்டை மாவட்டத்தின் தொன்மையான இடங்களைப் பார்க்க வருவோர் தங்கும் ஊர்களுள் இதுவும் ஒன்றாகியது. திருமயம் கோட்டை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர், ஆவுடையார்கோயில் ஆகியவற்றை இங்கிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் பார்த்துத் திரும்பலாம். எனினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண்.

இவ்விடங்களுள் பெரும்பாலானவற்றில் இன்று காணக்கூடியது முன்பிருந்ததன் ஒரு பகுதி மட்டுமே. பாறையில் வெட்டியவை தப்பின. சுதையிலும் வண்ணத்திலும் மரத்திலும் செய்தவை பெரும்பாலும் அழிந்தன. எது எஞ்சியது, எது எவ்வாறு மறைந்தது என்பதை ஓரளவு அறிந்து செல்வோருக்கு இவ்விடங்கள் கூடுதலாகப் புலப்படும்.

நில அமைப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு, வடமேற்குப் பகுதிகள் வறண்ட சமவெளி ஆகும். அதனிடையே மரங்கள் அற்ற மொட்டைப் பாறைக் குன்றுகள் ஆங்காங்கே எழுந்து நிற்கின்றன. மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே உழவுக்கு அடிப்படை. இக்குன்றுகளின் இயற்கைக் குகைகளில் முதலில் சமண முனிவர்கள் தங்கினர். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் குன்றுகளைக் குடைந்து குடைவரைக் கோயில்கள் அமைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் அருகிலேயே கட்டுமானக் கோயில்களும், இறுதியாகக் கோட்டையும் எழுந்தன. ஆகவே ஒரே குன்றில் ஆயிரம் ஆண்டு இடைவெளி கொண்ட பொருட்களை அடுத்தடுத்துக் காண்பது இப்பகுதியில் இயல்பானது.

இப்பகுதி தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமத்தானத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சமத்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. தனி மாவட்டம் 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் உருவாக்கப்பட்டது. சமத்தான அரசு தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. சிறிய அரசு ஒன்று இத்தகைய பணியைச் செய்தது குறிப்பிடத்தக்கது. இன்று இப்பகுதிக் கோயில்களைப் பற்றி அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி அந்தப் படிகளிலிருந்தே கிடைத்தது.

செட்டிநாட்டு வீடுகள்

செட்டிநாடு என்றவுடன் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியே நினைவுக்கு வரும். ஆயினும் இராமச்சந்திரபுரம், இராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி, குழிபிறை, பனையப்பட்டி, கோனாபட்டு முதலிய நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளன. இவ்வூர்களின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலில் ஈட்டிய பொருள் இவ்வீடுகளாக மாறியது.

வீட்டின் முன்புறம் திண்ணைகளைக் கொண்ட முகப்பும், அதனை அடுத்து நடுவில் வானம் பார்த்த முற்றத்தைக் கொண்ட வளவும், பின்னர் இரண்டாம் கட்டும் சமையற்கட்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. தூண்களுக்குப் பர்மாத் தேக்கும், தரைக்கு இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கற்களும் பயன்பட்டன. சுவர்களின் கண்ணாடி போன்ற வழவழப்புக்குச் சுண்ணாம்புச் சாந்துடன் முட்டையின் வெண்கருவைச் சேர்த்து அரைத்துப் பூசியதே காரணம் ஆகும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் மகன்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்து அளிக்கப்பட்டன. திருமணமான ஒவ்வோர் ஆணும் தன் மனைவியுடன் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டான். அறைகள் பிரிந்தாலும் வளவும் முகப்பும் பொதுவாகவே இருந்தன. கூட்டுக் குடும்பத்திற்கு ஏற்ற இவ்வமைப்பே பின்னாளில் வீட்டிற்குக் கேடாக முடிந்தது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், அதன் பின்னர் விடுதலை பெற்ற பர்மாவின் நில உடைமைச் சட்டங்களும் அச்செல்வத்தை இல்லாமற் செய்தன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தன. மூன்று நான்கு தலைமுறைகளில் ஒரு வீட்டிற்குப் பல பத்து உரிமையாளர்கள் ஏற்பட்டனர். ஓடு மாற்றுவதற்கும் விற்பதற்கும் அனைவரது இசைவும் வேண்டும். இசைவு கிடைக்காத வீடுகள் திருமணத்திற்கும் முன்னோர் படைப்பிற்கும் மட்டும் திறக்கப்பட்டன. இசைவு கிடைத்த வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன.

வீட்டை விடுதியாக மாற்றுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி எனலாம். மழைநீர் கசியும் கூரையைச் செப்பனிட ஆண்டுதோறும் வருவாய் கிடைக்கின்றது. அதே வேளை, அறைதோறும் குளியலறையும் குளிர்சாதனமும் அமைக்கும்போது பழைய அமைப்பு மாறுவதும் தவிர்க்க இயலாதது. விடுதியில் தங்காதவர்களும் தெருக்களில் நடந்தே முகப்புகளின் சுதை வேலைப்பாட்டைக் காணலாம். இலக்குமியின் இருபுறமும் யானைகள் நிற்க, அவற்றின் அருகிலேயே ஆங்கிலேயப் பாணியில் மனித உருவங்கள் அமைந்திருப்பது இம்முகப்புகளின் தனித்தன்மை.

திருமயம்

கடியாபட்டிக்கு அருகில் உள்ள பெரிய ஊர் திருமயம் ஆகும். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. திருச்சிராப்பள்ளி - மானாமதுரை இருப்புப்பாதையிலும் இதற்கு நிலையம் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு பிறந்த ஊர் இதுவே.

குன்றைச் சுற்றிலும் வட்டமாக அமைந்த கோட்டை இராமநாதபுரம் சேதுபதி மன்னரால் 1687ஆம் ஆண்டு கட்டப்பட்டதாகக் கூறப்படுகின்றது. முன்பு ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர். இன்று அவற்றுள் சிலவே எஞ்சியுள்ளன. உச்சியில் பீரங்கி ஒன்று உள்ளது. ஏறும் வழியில், செங்குத்தான பாறையின் இடையில் சிவலிங்கத்துடன் கூடிய சிறு குடைவரை ஒன்றைக் காணலாம். உச்சியிலிருந்து பார்த்தால் கண்மாய்களும் குன்றுகளும் கலந்த நிலம் முழுவதும் விரிகின்றது.

மக்கள் இதனை ஊமையன் கோட்டை என்றும் அழைப்பர். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கு இருந்ததாக வழங்கும் செவிவழிச் செய்தியே இப்பெயருக்குக் காரணம். கட்டபொம்மன் 1799இல் பிடிபட்டது இதே மாவட்டத்துத் திருக்களம்பூர்ப் பகுதியில் ஆகும். பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அவ்வரசின் எல்லைக்குள்ளேயே ஒரு கோட்டை அவன் தம்பியின் பெயரால் வழங்குவது கவனிக்கத்தக்கது.

குன்றின் தென்புறச் சரிவில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டும் குடைவரைகளை மூலமாகக் கொண்டவை. பெருமாள் கோயில் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. இங்குப் பாறையிலேயே செதுக்கப்பட்ட பள்ளிகொண்ட பெருமாள் உருவம் மிகப் பெரியது. பாம்பின் வாயிலிருந்து நச்சுத்தீ வெளிப்பட, அசுரர்கள் அஞ்சி ஓடும் காட்சி பின்சுவரில் உள்ளது. இரு கோயில்களுக்கும் இடையே உரிமையும் வருவாயும் குறித்து நெடுங்காலம் பூசல் நிலவியது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் அது தீர்த்து வைக்கப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. ஒரு குன்றைப் பகிர்ந்துகொள்வதற்கு வேற்று நாட்டுத் தளபதி வேண்டியிருந்தது.

சிவன் குடைவரையில் இசை பற்றிய பழங்கல்வெட்டு ஒன்று சிதைந்த நிலையில் உள்ளது. பிற்காலக் கல்வெட்டு ஒன்றைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதி செதுக்கி அழிக்கப்பட்டுவிட்டது. பரிவாதினி என்ற சொல் உள்ளிட்ட சில துண்டுகளே எஞ்சின. பரிவாதினி என்பது ஏழு நரம்புகளைக் கொண்ட வீணை ஆகும். அருகிலுள்ள மலையக்கோயில் குடைவரையிலும் இச்சொல் காணப்படுகின்றது. அழிந்தது எத்தகையது என்பதை அறியக் குடுமியான்மலைக்குச் செல்ல வேண்டும்.

குடுமியான்மலை

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரில் சிகாநாதசுவாமி கோயில் ஒரு குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. கோயிலின் முன்மண்டபங்களில் உள்ள நாயக்கர் காலத்துப் பெருஞ்சிற்பங்களைப் பார்ப்பதற்கே பலர் வருகின்றனர். ஆனால் இவ்வூரை உலக இசை வரலாற்றில் இடம்பெறச் செய்தது, பின்புறம் உள்ள மேலைக்கோயில் குடைவரையின் அருகே பாறைச் சுவரில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டாகும்.

ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில் 38 வரிகளாக, கிரந்த எழுத்தில் இது பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது என மதிப்பிடுவர். அக்கால இசையின் ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியிலும் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. சுரங்களின் பெயர்கள் ஒரே உயிரெழுத்தில் முடியாமல் ச, சி, சு, செ என்பது போல மாறி வருகின்றன. இவ்வுயிர் மாற்றம் சுருதி வேறுபாட்டைக் குறிக்கின்றதா, நரம்பை மீட்டும் முறையைக் குறிக்கின்றதா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதாவது, எழுத்து முழுவதையும் படிக்க முடிகின்றது. ஆனால் அது எவ்வாறு ஒலித்தது என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது.

இறுதியில், உருத்திராச்சாரியரின் மாணவனும் சிறந்த சிவபக்தனுமான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்ற குறிப்பு உள்ளது. அரசனின் பெயர் கூறப்படவில்லை. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் இதனை ஏற்பதில்லை. குன்றின் மேற்பகுதியில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கீழிருந்தும் காணலாம்.

சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், நீண்ட ஒற்றைப் பாறைக் குன்றில் இரண்டு இடங்கள் உள்ளன. பெரும்பாலோர் முதலாவதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். இது பெரிய இழப்பு.

முதலாவது, அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரை. கருவறையில் மூன்று அமர்ந்த உருவங்களும், முன் அறையில் ஐந்தலை நாகத்தின் கீழ் அமர்ந்த பார்சுவநாதரும் உள்ளனர். கருவறையில் நின்று மெல்லிய ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அதிர்வதை உணரலாம். உள்மண்டபத்தின் கூரையில் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. குளத்தில் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் இருக்க, மூவர் தாமரை பறிக்கின்றனர். சமண மரபில், தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கச் செல்வோர் கடக்க வேண்டிய குளம் இதுவென்று விளக்குவர். தூண்களில் இரண்டு ஆடல் மகளிரும், ஓர் அரசனும் அரசியும் உள்ளனர்.

பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேய் 1920ஆம் ஆண்டளவில் இவ்வோவியங்களை அறிவுலகத்திற்கு அறிமுகப்படுத்தியபோது இவை மகேந்திரவர்மன் காலத்தவை எனக் கருதப்பட்டன. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டின் அடிப்படையில், இன்று காணப்படும் ஓவியங்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. முகப்பில் நிற்கும் தூண்கள் இக்குடைவரைக்கு உரியவை அல்ல. குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து 20ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்டவை.

ஓவியங்கள் ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகின்றன. குகை பல நூற்றாண்டுகள் காவலின்றித் திறந்து கிடந்ததே பெரிய கேடு. நூல்களில் அச்சிடப்பட்ட பழைய படிகளைப் பார்த்துவிட்டு வருவோர் ஏமாற்றம் அடைவதுண்டு. படியை முன்னரே பார்த்துக்கொண்டு, கண் அறையின் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகும். ஒளிவிளக்குடன் படம் எடுப்பது வண்ணங்களுக்குத் தீங்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடமாகிய ஏழடிப்பட்டம் குன்றின் மறுபுறத்தில் உள்ள இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய படிகள் வழியே ஏறி, கம்பிப் பிடியைப் பற்றிக்கொண்டு செல்ல வேண்டும். குகையின் தரையில் தலையணை போன்ற மேட்டுடன் வழவழப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதன் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டினது என ஐராவதம் மகாதேவன் கணித்துள்ளார். பிற படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட எழுத்தில் முனிவர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. ஆகவே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இக்குகையில் சமணத் துறவியர் தங்கியும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தும் வந்தனர் எனக் கொள்ளலாம். குன்றைச் சுற்றிய நிலத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகளும் மிகுதியாக உள்ளன.

நார்த்தாமலை

புதுக்கோட்டை - திருச்சிராப்பள்ளி சாலைக்கு அருகில் உள்ள நார்த்தாமலை பல சிறு குன்றுகளின் தொகுதி ஆகும். மேலமலையில் விசயாலய சோழீசுவரம் நிற்கின்றது. பெயர் சோழனுடையதாக இருந்தாலும், இளங்கோவதியரையன் எனப்பட்ட சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் இதனைக் கட்டினான் என்றும், மழையால் இடிந்தபின் மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்றும் கல்வெட்டு கூறுகின்றது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோயிலின் கருவறை உள்ளே வட்டமாகவும் வெளியே சதுரமாகவும் அமைந்தது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறுகோயில்களுள் ஆறு எஞ்சியுள்ளன.

எதிரே இரண்டு குடைவரைகள் உள்ளன. பெரியது சமணர் குடகு என்று வழங்குகின்றது. ஆனால் உள்ளே ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்ட பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சமணக் குகை வைணவக் கோயிலாக மாற்றப்பட்டதைப் பெயர் மட்டும் மறக்கவில்லை. சிறியதான பழியிலீசுவரம், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் சாத்தன் பழியிலி குடைவித்தது. வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை உள்ளது. அதன் நீருக்கடியில் ஒரு குடைவரை லிங்கம் இருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் தொண்டைமான் மன்னரின் அரசி சுனைநீரை இறைத்து அதனை வழிபட்டதாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கின்றது.

கோயில் மேற்கு நோக்கியது. ஆதலால் மாலை ஒளியில் முகப்பு பொன்னிறமாகத் தோன்றும். எனினும் பாறையில் நிழல் இல்லை. நண்பகலுக்குப் பின் வெறுங்காலுடன் நடக்க இயலாத அளவு சூடேறும். கோடையில் காலையிலும், மார்கழி, தை மாதங்களில் மாலையிலும் செல்வது நன்று.

பிற இடங்கள்

கொடும்பாளூர், விராலிமலைக்கு அருகே உள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழி பிரியும் இடமாகக் குறிக்கப்படும் தொன்மையான ஊர். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில் இரண்டே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் உள்ளது.

விராலிமலை முருகன் கோயில் மயில்களுக்குப் பெயர்பெற்றது. முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் இங்கு உண்டு. சதிராட்டத்தின் பழைய மரபொன்று இக்கோயிலைச் சார்ந்து வாழ்ந்தது. அம்மரபில் வந்த கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் உள்ள இதனை முதல் நாளிலேயே பார்த்துவிட்டால், பின்னர் செல்லும் இடங்களில் இல்லாத சிற்பங்கள் எங்கு உள்ளன என்பது விளங்கும்.

ஆவுடையார்கோயில் அறந்தாங்கிக்கு அப்பால் உள்ளதால் தனியே ஒரு நாள் வேண்டும். மாணிக்கவாசகருடன் தொடர்புடைய திருப்பெருந்துறை இதுவே. கருவறையில் லிங்கம் இல்லை. ஆவுடையார் மட்டுமே உள்ளது. நந்தியும் கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே படையல் ஆகும். மண்டபத்தின் கொடுங்கைகளில் மரச்சட்டங்களும் ஆணிகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. பழைய சிற்பிகள் பணி ஒப்பந்தத்தில் இக்கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக்கொள்வர் என்ற செய்தி பரவலாக வழங்குகின்றது.

மண்குதிரைகள்

திருமயத்திற்கும் புதுக்கோட்டைக்கும் இடையே நமணசமுத்திரம் பகுதியில், ஐயனார் கோயிலுக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஊர் எல்லையைக் காக்கும் ஐயனார் இரவில் வலம் வருவதற்காக வேண்டுதல் செய்தோர் அளித்தவை இவை. ஆலங்குடி வட்டத்துக் குளமங்கலத்தில் உள்ள பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலின் குதிரைச் சிலை சுமார் 33 அடி உயரமுடையது. மாசி மகத்தன்று அதற்குக் காகித மாலைகள் சாத்தப்படுகின்றன.

குதிரை அளிக்கும் விழா புரவியெடுப்பு எனப்படும். ஊர்ப் பெரியோர் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பதுடன் அது தொடங்கும். இதனைப் பிடிமண் கொடுத்தல் என்பர். வேளார் குதிரையின் கால்கள், உடல், கழுத்து ஆகியவற்றைத் தனித்தனியே வனைந்து இணைத்துச் சூளையிட்டு, வண்ணம் தீட்டுவார். விழா நாளில் கண் திறந்தபின் குதிரைகள் ஊர்வலமாகத் தூக்கிச் செல்லப்பட்டு ஐயனார் முன் நிறுத்தப்படும். பல கோயில்களில் குதிரை செய்யும் வேளாரே பூசாரியாகவும் இருக்கின்றார்.

விழா முடிந்தபின் எவரும் அவற்றைச் செப்பனிடுவதில்லை. வெயிலிலும் மழையிலும் வண்ணம் உதிர்ந்து, காதும் காலும் உடைந்து, பழைய குதிரைகள் நின்ற இடத்திலேயே சரிகின்றன. அவற்றின் ஓட்டாஞ்சில்லுகளின் நடுவே அடுத்த புரவியெடுப்பின் குதிரைகள் நிறுத்தப்படுகின்றன.